தேசம்மா பதில் சொன்ன பகல்

ஒரு குரல் பெயர் சொல்லி அழைக்கிறது. தெருவில் உள்ள அத்தனை பேரும் அதைக் கேட்கிறார்கள். கேட்டதை ஒருவரும் மறுக்கவில்லை. ஒருவரும் பதில் சொல்லவுமில்லை. அந்தத் தெருவில் நடந்துகொண்டிருப்பது குற்றமா, பயமா? புகார் கொடுத்தவர் இல்லை. அழைக்கும் பெண்ணோ ஊரறிய இறந்துபோனவள். அப்படியானால் ஒரு காவல் அதிகாரி எந்த உரிமையோடு அந்தக் கதவைத் தட்டுவது?

ஓய்வு பெற்ற பிறகு, புதிதாகப் பணியில் சேர்ந்த உங்களைப் போன்றவர்கள் என்னிடம் கொலை வழக்குகளையும் கொள்ளை வழக்குகளையும்தான் கேட்கிறீர்கள். அவற்றைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் திறமையானவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்று, அதன் பிறகு காவல் துறைக்கு வந்தவள். ஒரு செயலைச் செய்வதற்கு முன்னால் அது யார் யார் தலையில் விழும் என்று யோசிக்கும் பழக்கம் படிப்பிலிருந்து வந்தது. அந்தப் பழக்கம் எனக்குத் தடையாகவும் இருந்திருக்கிறது, துணையாகவும் இருந்திருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நிகழ்ந்த சம்பவம் இது.

அப்போது நான் திருத்தணியில் உதவி ஆய்வாளர். நகரின் ஓரத்தில், மலைக்கோயிலின் விளக்குகள் தெரியும் தொலைவில், ஒரு விசைத்தறித் தெரு என் எல்லைக்குள் இருந்தது. பெயர் சொல்லப்போவதில்லை, அங்கே இன்றும் மனிதர்கள் வாழ்கிறார்கள். அந்தத் தெருவுக்குள் நுழைந்தால் முதலில் காது அடைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வீடு தறி. பேசுகிறவர்கள் கையால் பேசுவார்கள், அல்லது காதோடு வாய்வைத்துக் கத்துவார்கள். நம் ஜீப் பின்னால் வந்து நின்றால்கூடத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், அலட்சியத்தால் அல்ல. அவர்களுக்கு அந்த இரைச்சல் கேட்பதே இல்லை. நாம் மூச்சு விடுவதைக் கவனிக்காதது போல.

அந்தத் தெருக்காரர்கள் சிலர் ஒரு நாள் காலையில் நிலையத்துக்கு வந்தார்கள். முன்னால் நின்ற பெரியவர் ஒரு விண்ணப்பத்தை நீட்டினார்.

"வர்ற அமாவாசைக்கு ஒரு சின்ன பூஜை மேடம். பம்பை, உடுக்கை, மைக் செட்டு. பர்மிஷன் வோணும்."

"எந்தக் கோயில்ல?"

"கோயில் இல்ல மேடம். வூட்ல."

அவர் தயங்கினார். அவருக்குப் பின்னால் நின்றிருந்த பெண் முன்னால் வந்தாள். பெயர் தேசம்மா, நாற்பது வயதிருக்கும், தானும் கணவனுமாகத் தறி ஓட்டுகிறவள்.

"பேய் மேடம்," என்றாள் நேராக. "நகரியிலேர்ந்து ஒருத்தர் வந்து கட்டுப் போட்றாரு. வூட்டு பின்கட்டுக் கதவுக்கு ஆணி அடிச்சி, ஜன்னலு, சந்து எல்லாத்தியும் மண்ணு வச்சிப் பூசிட்டா அடங்கிடுமாம்."

எங்கள் எழுத்தர் சிரித்தார். "செத்தவங்க மேல எஃப்.ஐ.ஆர். போட முடியாதும்மா."

"உங்கள யாரு போடச் சொன்னா? கையெழுத்து மட்டும் போடுங்க சார், மிச்சத்த அவரு பாத்துப்பாரு," என்றாள் தேசம்மா. வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முனிரத்தினம். அந்த வீடு அவருடையது. இறந்தவள் அவருடைய தங்கை கௌரி.

"எந்தங்கச்சிதான் மேடம்," என்றார் தணிந்த குரலில். "அவ அமைதியாவணும். எனக்கும் தூக்கம் இல்ல."

பிறகு பல முறை இந்த வாக்கியங்களை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

கௌரியின் கதையை அவர்களே சொன்னார்கள். கணவன் விட்டுவிட்டுப் போன பிறகு அவளுக்கு மனநிலை பிறழ்ந்தது. தெருவில் ஓடுவாள், அடுத்த வீட்டுக்குள் புகுந்து பாத்திரங்களை எடுத்து வீசுவாள். புத்தூர்ப் பக்கம் உறவினர் வீட்டில் விட்டுவருகிறேன் என்று முனிரத்தினம் அவளை அழைத்துப் போனார். சில வாரங்களில் அவள் அங்கேயே இறந்துவிட்டாள் என்று சொல்லி மொட்டைத் தலையோடு திரும்பி வந்தார். திருத்தணியில் மொட்டைத் தலையை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கருமாதிச் சோறு போட்டார். தெரு முழுவதும் உட்கார்ந்து சாப்பிட்டது. சில மாதங்கள் கழித்துக் குரல் கேட்கத் தொடங்கியது.

"எப்ப கேக்குது?"

"கரண்ட் போனா மட்டுந்தான் மேடம்," என்றாள் தேசம்மா. "எம்பேரச் சொல்லித்தான் கூப்டும். சின்ன வயசுல ரெண்டு பேரும் ஒண்ணாவே இருப்போம். அந்த ஆசைல என்ன இட்டுகினு போவப் பாக்கறா."

"நீங்க பதில் சொல்லியிருக்கீங்களா?"

அவள் முகம் மாறியது. "ஐயோ! செத்தவங்க கூப்ட்டு நம்ம 'ஆங்'னு சொன்னா அவ்ளோதான் மேடம். கூடவே போவ வேண்டியதுதான். எங்க தெருவுல கொயந்தைங்களுக்குகூட சொல்லி வச்சிகிறோம். கரண்ட் போனா வாயத் தொறக்காதன்னு."

அவளுடைய கைபேசியில் ஒரு காணொளி இருந்தது. வெளியூர் வியாபாரிக்கு அனுப்புவதற்காக ஒரு சேலையை விரித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் போயிருக்கிறது. பேய்க்குரல் என்று அது ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கும் அனுப்பச் சொன்னேன். விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வதாகக் கூறி அவர்களை அனுப்பிவைத்தேன்.

அன்று மதிய உணவை நான் சாப்பிடவில்லை. அந்தக் காணொளியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். சேலையின் சிவப்புக் கரை தெரிகிறது. தறிகளின் இரைச்சல். திடீரென்று தறிகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து நிற்கின்றன. அந்த இரைச்சல் வடிந்த இடத்தில் ஒரு பெண்ணின் குரல்: "...சம்மா..." பிறகு மூச்சு. பிறகு முழுதாக, "தேசம்மா..."

என்னை அசையவிடாமல் வைத்தது முதல் அழைப்புதான். அது பாதியிலிருந்து கேட்டது. பெயரின் முன்பாதி தறிச் சத்தத்துக்குள் இருந்தது. மின்சாரம் போனதைக் கண்டு அழைக்கத் தொடங்கியவள் பெயரை முதலிலிருந்து தொடங்கியிருப்பாள். இவள் ஏற்கெனவே அழைத்துக்கொண்டிருந்தாள். இரைச்சல் நின்றதால் நமக்குக் கேட்டது, அவ்வளவுதான். அப்படியானால் நேற்றும், அதற்கு முந்தைய நாளும், மின்சாரம் இருந்த எல்லாப் பொழுதுகளிலும் அவள் அழைத்துக்கொண்டேதான் இருந்திருக்க வேண்டும்.

பட்டப்பகல், நிலையத்தில் ஆட்கள் நடமாட்டம். ஆனாலும் என் கைகளில் மயிர் சிலிர்த்து நின்றது. பேய் என்று நினைத்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்கமாட்டேன்.

பூஜை நடக்கும் இடத்தைப் பார்வையிடுவது நம் வழக்கம்தான். யாருக்கும் சந்தேகம் வராது. மறுநாள் முற்பகலில் சீருடை இல்லாமல் போனேன். முனிரத்தினம் வீட்டு முன்கூடத்தில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் மனைவியை இழந்தவர். ஒரே மகள் வெளியூர் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வரன் பேசி முடியும் நிலையில் இருந்தது. இதையெல்லாம் தேசம்மா என் காதில் கத்திச் சொன்னாள். முனிரத்தினம் அவளுக்கு மச்சான் முறை. பாவா என்றுதான் அழைப்பாள்.

"எங்க பாவா மாதிரி உழைக்கிற ஆளப் பாக்க முடியாது மேடம். பொங்கலு, தீவாளின்னு தெருவே தறிய நிறுத்தும். இவரு மட்டும் நிறுத்தமாட்டாரு. ராத்திரி பகலு ஓடிகினே இருக்கும்!"

முன்கூடத்துத் தறிகளில் நூல் இருந்தது, துணி வளர்ந்துகொண்டிருந்தது. பின்சுவரை ஒட்டியிருந்த கடைசித் தறி மட்டும் வேறு மாதிரி இருந்தது. அதில் நூலே ஏற்றப்படவில்லை. துணியும் இல்லை. வெறும் சட்டம் முன்னும் பின்னும் போய்வந்து, இல்லாத எதையோ ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தது. அதன் அருகில் தரையில் தூசு படிந்திருந்தது; யாரும் அங்கே உட்கார்ந்து வெகுநாள் ஆகியிருந்தது.

நான் அதைப் பார்ப்பதை முனிரத்தினம் பார்த்தார்.

"ரிப்பேரு மேடம். ஓட்டிப் பாத்துகினு இருக்கேன்," என்று சைகையும் சத்தமுமாகச் சொன்னார்.

தலையசைத்துவிட்டு வெளியே வந்தேன். தெருவில் சில அடி நடந்திருப்பேன், மின்சாரம் போயிற்று.

அந்த அமைதியை என்னால் விவரிக்க முடியாது. காதுக்குள் ஏதோ கழன்று விழுந்தது போலிருந்தது. வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள், துண்டால் விசிறிக்கொண்டார்கள். யாரும் பேசவில்லை. ஒரு தாய் தன் குழந்தையின் வாயைக் கையால் மூடினாள். எங்கோ காக்கை கரைந்தது. அப்போது அந்தக் குரல் வந்தது. ஓலம் இல்லை, அழுகைகூட இல்லை. பக்கத்து வீட்டுக்காரியைக் கொல்லைப்புறத்திலிருந்து கூப்பிடுவது போன்ற சாதாரணமான அழைப்பு. "தேசம்மா... தேசம்மா..."

என் பக்கத்தில் நின்ற தேசம்மா இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்களில் நீர் வழிந்தது.

நான் தெருவைப் பார்த்தேன். காற்று வாங்க எல்லோரும் வெளியே வந்துகொண்டிருக்க, முனிரத்தினம் மட்டும் உள்ளே போனார். பின்கட்டிலிருந்து ஒரு தட்டு உருளும் சத்தம் வந்தது; சற்று நேரத்தில் குரல் நின்றது.

"பாத்தீங்களா மேடம்? கொஞ்ச நேரந்தான். அப்புறம் தானா அடங்கிடும்," என்று கிசுகிசுத்தாள் தேசம்மா.

நண்பர்களே, நான் உங்களோடு யோசிக்க விரும்புவது இந்த இடத்தில்தான். அந்தக் கணமே உள்ளே புகுந்திருக்கலாம் என்று உங்களில் சிலர் நினைப்பீர்கள். என் கால்களும் அதைத்தான் நினைத்தன. ஆனால் நான் தனியாக இருந்தேன். வீட்டின் பின்புறம் ஒரு சந்து. சந்தின் முடிவில் மாந்தோப்பு. தோப்பைத் தாண்டினால் ஆந்திரம் போகும் சாலை. முன்வாசலில் நான் வாதாடிக்கொண்டிருக்கும்போது பின்வாசல் வழியாக ஒரு பெண்ணை எல்லைக்கு அப்பால் கொண்டுபோய்விட முடியும். ஏற்கெனவே இறந்துவிட்டதாக ஊர் நம்பும் பெண் அவள். அவளை யாரும் தேடமாட்டார்கள். இரண்டாம் முறை அவள் இறந்தால் கருமாதி செய்யக்கூடத் தேவையில்லை.

நிலையத்துக்குத் திரும்பி ஆய்வாளரிடம் சொன்னேன். அதிகம் பேசாத மனிதர். கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"உள்ள யாரும் இல்லன்னா?"

"இருக்காங்க சார்."

"இல்லன்னான்னு கேக்கறேன்மா. செத்துப்போன தங்கச்சிய வச்சி அண்ணன அசிங்கப்படுத்தினாங்கன்னு தெருவே ரோட்ல வந்து உக்காரும். அந்தாளு பொண்ணு கல்யாணம் நின்னுபோவும். நாளைக்கு அந்தத் தெருவுல உண்மையிலேயே ஒருத்தி செத்தா, நம்மகிட்ட வந்து சொல்ல எவனும் வரமாட்டான். அதுக்கு நீ இன்னா வழி வச்சிருக்க?"

அவர் என்னைத் தடுக்கவில்லை. எடைக்கல்லை எடுத்து என் தராசுத் தட்டில் வைத்தார். நான் பதில் சொன்னேன். முதலில், உள்ளே யாரும் இல்லை என்று ஆனால் முனிரத்தினம் தெருவின் முன்னால் அவமானப்பட்டு நிற்கக் கூடாது. ஆகவே அவர் அங்கே இருக்கக் கூடாது. அடுத்து, உள்ளே இருப்பது உயிருள்ள மனுஷி என்று காவல்துறை சொல்வதற்கு முன் தெரு தன் காதாலேயே உணர வேண்டும். நாம் கதவை உடைத்து ஒரு பெண்ணை வெளியே கொண்டுவந்தால், அவர்கள் பார்வையில் அவள் பேயாகவே வெளியே வருவாள். அப்புறம் அவள் வாழ்நாள் முழுக்கப் பேய்தான்.

ஆய்வாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "கரண்ட் ஆபீஸ்ல நான் பேசறேன்," என்றார்.

மறுநாள் காலை, பூஜை விண்ணப்பத்தில் வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும் என்று முனிரத்தினத்தை நிலையத்துக்கு வரச் சொன்னோம். ஆய்வாளரே அவரை எதிரில் உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். பின்சந்தில் இரண்டு பெண் காவலர்கள் நின்றார்கள். நான் பக்கத்து வீடான தேசம்மாவின் வீட்டில் இருந்தேன்.

தறிகள் நின்றன.

தெரு வெளியே வந்தது. வழக்கம்போல வாய்கள் மூடின. "தேசம்மா..." என்றது குரல்.

முனிரத்தினம் வீட்டுப் பின்கட்டின் சுவரருகே போய் நின்று நான் பதில் சொன்னேன். "நான் இருக்கேம்மா. யாரும்மா நீங்க?"

பின்னால் யாரோ "முருகா" என்று முனகினார்கள். குரல் நின்றுவிட்டது. தெரியாத குரல் அவளைப் பயமுறுத்திவிட்டது என்று புரிந்தது. நான் திரும்பி தேசம்மாவைப் பார்த்தேன்.

"மாட்டேன் மேடம். என்ன வுட்டுடுங்க. எனக்குப் புள்ளைங்க இருக்குது."

"நான் பதில் சொன்னேன். இங்கதான் நிக்கிறேன், பாருங்க. எங்கயும் போகல."

"உங்களக் கூப்டல மேடம். என்னத்தான் கூப்டுது."

அவள் சொன்னது சரிதான். அழைக்கப்படாதவள் பதில் சொல்வது சுலபம். அவளை வற்புறுத்த எனக்கு உரிமையில்லை என்று தோன்றியது. அதைச் சொல்லவும் செய்தேன். "உங்க விருப்பம். ஆனா செத்தவங்களுக்குப் பசிக்குமா, தேசம்மா? நேத்து நான் வந்தப்ப சுவத்துக்கு அந்தப் பக்கம் தட்டு உருள்ற சத்தம் கேட்டுது. உங்களுக்குக் கேக்கலையா?"

அவள் என்னை வெறித்தாள். அந்தத் தட்டின் சத்தம் அவளுக்கும் கேட்டிருந்தது என்பதை அவள் முகம் சொன்னது. தெரு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, சுவரருகே வந்தாள். முந்தானையை இழுத்து இறுக்கிக்கொண்டாள். பிறகு, கிணற்றுக்குள் எட்டிப்பார்க்கிறவள் போலக் குனிந்து சொன்னாள்:

"ஆங்... இன்னாடி கௌரி?"

சுவருக்கு அப்பால் எதுவோ விழுந்தது. பிறகு ஒரு மூச்சு. யாரோ பின்வாங்கி மூலைக்குள் ஒடுங்கும் சத்தம். கடைசியில் அந்தக் குரல் வந்தது. அதில் நாங்கள் இதுவரை கேட்டிராத ஒன்று இருந்தது: பயம்.

"யாரு? யாரு பேசறது?"

"நாந்தான்டி. தேசம்மா."

"பொய்யி. நீ செத்துட்ட," என்றது குரல். "எல்லாரும் செத்துட்டீங்க. எவ்ளோ கூப்ட்டுகினு இருந்தேன். ஒருத்தரும் பேசலயே."

தேசம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தெருவில் நின்ற எல்லோரும் அதைக் கேட்டார்கள். பிறகு நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. விண்ணப்பத்தோடு வந்த அதே பெரியவர்தான் கடப்பாரையை எடுத்துவந்து பின்கட்டுப் பூட்டை நெம்பினார்.

உள்ளே கௌரி மெலிந்து, சாயம்போன புடவையில், சுவரோடு சாய்ந்திருந்தாள். காலில் சங்கிலி. வெளிச்சம் பட்டதும் முகத்தை மூடிக்கொண்டாள். தேசம்மா முதலில் அவள் கையைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருக்கிறதா என்று பார்ப்பது போல. பிறகுதான் கட்டிக்கொண்டாள்.

நிலையத்தில் முனிரத்தினம் எதையும் மறுக்கவில்லை. "அடிக்கல மேடம். வேளாவேளைக்கி சோறு போட்டேன். பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிட்டா ஆஸ்பத்திரிக்கி இட்டுகினு போலாம்னு இருந்தேன்," என்றார். புத்தூரிலிருந்து ஓர் இரவில் தங்கையை யாருக்கும் தெரியாமல் திரும்பக் கூட்டிவந்ததையும், பூஜைக்கு முந்தின நாள் அவளை எல்லை தாண்டிக் கொண்டுபோவதற்கு வண்டி பேசியிருந்ததையும் அவரே சொன்னார். அதன் பிறகு எங்கே விட்டிருப்பீர்கள் என்று கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. அந்த மௌனம் இன்றும் எனக்கு அந்தத் தெருவின் மௌனத்தைவிடப் பெரியதாகத் தோன்றுகிறது.

வழக்கு, நீதிமன்றம், மனநல மருத்துவமனை: அந்த வழிகள் உங்களுக்குத் தெரியும். அண்ணன் தண்டிக்கப்பட்டார். மகளுக்குப் பேசிய வரன் விலகிப்போனது. ஆய்வாளர் வைத்த எடைக்கல்லில் அந்தப் பாதி உண்மையாயிற்று. தன் அத்தை புத்தூரில் இறந்ததாகவே அந்தப் பெண்ணும் நம்பியிருந்தாள். ஒரு தவறும் செய்யாத அவளிடம் நான் என்ன சொல்லியிருக்க முடியும் என்று இன்னும் தெரியவில்லை. கௌரி முழுமையாகக் குணமடைந்துவிட்டாள் என்றும் எழுதமாட்டேன். சிகிச்சை முடிந்து சில ஆண்டுகளாக ஒரு காப்பகத்தில் இருக்கிறாள். தேசம்மா போய்ப் பார்த்துவருகிறாள். போகிற ஒவ்வொரு முறையும் வாசலிலிருந்தே சத்தமாகக் கூப்பிட்டுக்கொண்டு போவாளாம்.

அந்தத் தெருக்காரர்களைக் கல்நெஞ்சர்கள் என்று நீங்கள் நினைக்க வேண்டாம். குரல் கேட்டு அழுதவர்கள் அவர்கள். அவள் அமைதியடையக் கைப்பணம் போட்டுப் பூஜைக்கு ஏற்பாடு செய்தவர்கள். கதவை ஆணி அடித்து மண் பூச இருந்த கைகளும் அன்பானவைதான். அதுதான் என்னை அச்சுறுத்துகிறது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் எல்லையில் ஒரே ஒரு பழக்கம் மாறியது. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளில், ரோந்துக் காவலர்கள் வண்டியை மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டுத் தறித் தெருக்களில் நடந்து போகிறார்கள். பூட்டிய கதவுகளுக்கு முன்னால் நின்று, "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருகிறதா என்று காத்திருக்கிறார்கள்.